கொடுப்பதற்கும் கணக்கு உண்டு: ஜார்ஜ் பீபாடி சூடுபட்டுக் கற்றது

டிரஸ்ட் ஆரம்பிக்க நினைப்பவர்கள் நேராக வக்கீலைப் பார்க்கப் போகிறார்கள். போவதற்கு முன் ஒரு சாயங்காலம் ஒதுக்கி, ஜார்ஜ் பீபாடி என்ற மனுஷனின் கணக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. 1795-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், சவுத் டேன்வர்ஸ் என்ற ஊரில், இல்லாப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர். 11 வயதில் படிப்பு நின்றது, மளிகைக் கடையில் எடுபிடி வேலை. அங்கிருந்து கிளம்பி, லண்டனில் பேங்க் வைத்து, அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவில் ஓடுகிற பணத்தில் கணிசமான பங்கு தன் மேஜையைத் தாண்டித்தான் போகும் என்ற நிலைக்கு வந்தார். பிறகு 1852-லிருந்து 1869-இல் சாகும்வரை 80 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்துத் தீர்த்தார். இன்றைக்கு ஃபவுண்டேஷன் வைப்பது பெரும் பணக்காரர்களுக்கு வழக்கமாகிவிட்டது. அவருக்கு முன்மாதிரி யாரும் கிடையாது. கார்னகி, ராக்கஃபெல்லர் எல்லாம் அவருக்கு அப்புறம் கொடுக்க வந்தவர்கள். இப்படிச் செய்யாதே என்று சொல்ல ஆளில்லாமல், ஒவ்வொன்றையும் கையைச் சுட்டுக்கொண்டுதான் கற்றார். அவர் எழுதிக்கொடுத்த பத்திரங்களை வரிசையாகப் படித்தால், பல நிபந்தனைகளுக்குப் பின்னால் எப்போதோ வாங்கிய ஒரு அடி தெரியும். சில இடங்களில் அடி வாங்கியும் அவர் கற்கவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

முதல் அடி 16 வயதில். ப்ராக்டர் என்பவரின் கடையில் நாலு வருஷம் நின்று கணக்கெழுதவும் சரக்கு மடிக்கவும் கற்றுக்கொண்டு, நியூபரிபோர்ட்டில் அண்ணனின் ஜவுளிக் கடைக்கு வந்திருந்தார். 1811 மே மாதம் அப்பா இறந்தார். குடும்பத்துக்கு மிஞ்சியது கடன்தான், வீடு அடமானத்தில் இருந்தது. அதே மாதக் கடைசி நாளில் நியூபரிபோர்ட் கடைவீதி தீப்பிடித்து எரிந்தது, இருந்த பிழைப்பும் போயிற்று. அப்பாவுடன் பிறந்தவர் ஒருவர், அவரும் நொடித்துப் போனவர், தெற்கே வாஷிங்டன் பக்கத்தில் ஜார்ஜ்டவுனில் கடை போடலாம் என்று பையனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். தெரிந்தவர் கொடுத்த சிபாரிசை நம்பி, பாஸ்டன் வியாபாரி ஒருவர் 2,000 டாலர் சரக்கைக் கடனாகக் கொடுத்தார். கடை ஓடியது, ஆனால் ஓடியது பையனின் பேரில். பெரியவர் பேரில் நடத்தினால் அவருடைய பழைய கடன்காரர்கள் வந்து சரக்கை ஜப்தி செய்துவிடுவார்கள். நம்மூரில் இதற்கு பினாமி என்று பெயர். பெயர் தன்னுடையது என்றால் நாளைக்கு வருகிற கடனும் தன்னுடையதுதான் என்று பீபாடிக்குக் கொஞ்ச நாளில் உறைத்தது. மேஜராவதற்குள் அந்தக் கடையிலிருந்து விலகினார். சொந்தக்காரர், பெரியவர், முகத்தை முறிக்க முடியாது என்று தங்கியிருந்தால் அவர் கதை ஜார்ஜ்டவுனிலேயே முடிந்திருக்கும். யாருக்காகவும் பெயரை இரவல் கொடுக்கக் கூடாது என்பதை அன்றைக்குப் பிடித்துக்கொண்டவர், 50 வருஷம் கழித்தும் விடவில்லை. அது கடைசியில் வரும்.

1812 போரில் தொண்டராகப் போன இடத்தில் எலிஷா ரிக்ஸ் என்ற வியாபாரி பழக்கமானார். 1814-இல் ரிக்ஸ் முதல் போட, பீபாடி உழைப்பைப் போட, ஜவுளி மொத்த வியாபாரம் ஆரம்பமாயிற்று. அடுத்த வருஷம் பால்டிமோர் போனார்கள். குதிரையில் ஊர் ஊராகப் போய் சரக்குக் காட்டுவதும் பாக்கி வசூலிப்பதும் பீபாடியின் வேலை. கையில் காசு வந்ததும் முதலில் செய்தது வீட்டு அடமானத்தை மீட்டது. அடுத்து தம்பி தங்கைகளைப் படிக்க வைத்தது. பொதுத் தர்மம் எல்லாம் அதற்குப் பிறகுதான். இந்த வரிசை முக்கியம். வீட்டில் பாக்கி வைத்துவிட்டு ஊருக்குக் கொடுப்பவர்களின் டிரஸ்டில், ஆள் போன மறுவருஷம் குடும்பத்தார் கேஸ் போடுவது எங்கும் நடக்கிற கூத்து. பீபாடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆனாலும் உடன்பிறந்தவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் உயிரோடு இருக்கும்போதே தனித்தனியாக ஒதுக்கிக் கொடுத்துவிட்டார்.

1837-இல் லண்டனில் நிரந்தரமாகத் தங்கப் போனார். போன நேரம் சரியில்லை. மேரிலாந்து மாநில அரசு கால்வாயும் ரயில் பாதையும் போட 80 லட்சம் டாலர் கடன் வாங்க நினைத்தது. அந்தக் கடன்பத்திரங்களை ஐரோப்பாவில் விற்றுத்தர நியமித்த மூன்று பேரில் இவர் ஒருவர். மற்ற இருவரும் கைவிட்டுக் கழன்றுகொண்டார்கள், இவர் விடாமல் அலைந்து பேரிங்ஸ் வங்கியின் தலையில் கட்டினார். நாலு வருஷத்துக்குள் மேரிலாந்து வட்டி கட்டுவதை நிறுத்திவிட்டது. பென்சில்வேனியாவும் நிறுத்தியது. மிசிசிப்பி ஒரு படி மேலே போய், கடனே செல்லாது என்று அறிவித்தது. லண்டனில் அமெரிக்கன் என்றாலே நாணயம் இல்லாதவன் என்ற பேச்சு. கடனைக் கட்டாத நாட்டுக்காரன் என்று சொல்லி ரிஃபார்ம் கிளப் பீபாடியை உறுப்பினராகச் சேர்க்க மறுத்தது. மனுஷனுக்கு இது ஆறாத புண். தான் ஒரு பென்னி பாக்கி வைக்காமல், ஊரான் வைத்த பாக்கிக்கு அவமானப்பட்டவர்.

அதற்கு அவர் செய்தது இரண்டு. தனக்கு வரவேண்டிய 60,000 டாலர் கமிஷனை வேண்டாம் என்று விட்டுவிட்டார். கூடவே, வட்டியைக் கட்டு என்று மேரிலாந்துக்காரர்களுக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம். பத்திரிகைகளில் எழுத வைக்கவும் தேர்தலில் சரியான ஆட்களை ஜெயிக்க வைக்கவும் பேரிங்ஸ் ரகசியமாகப் பணம் இறக்கியதில், இவருக்கும் சின்னதாக ஒரு பங்கு உண்டு. இதைச் சொல்லாமல் விட்டால் படம் பொய்யாகிவிடும். அதே சமயம் விலை விழுந்து கிடந்த பத்திரங்களைத் தன் கணக்கில் வாங்கியும் போட்டார். 1848-இல் மேரிலாந்து மறுபடி வட்டி கட்ட ஆரம்பித்ததும் அதில் நல்ல லாபம். கமிஷனை விட்டுக்கொடுத்ததை மேரிலாந்து சட்டசபை நன்றித் தீர்மானம் போட்டுப் பதிவு செய்தது. இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது: ஏமாந்தவர்களோடு கூட நின்றவன் என்ற பெயர் ஒரு பேங்க்கருக்கு முதலைவிடப் பெரிய முதல். 60,000 டாலர் கொடுத்து அவர் வாங்கியது அதைத்தான். விற்பவரின் கமிஷன் வாங்கியவரின் நஷ்டத்திலிருந்து வந்தால் அதைத் தொடாமல் இருப்பது புண்ணியத்துக்கு மட்டுமல்ல, வியாபாரத்துக்கும் நல்லது.

1851-இல் லண்டன் மாபெரும் பொருட்காட்சிக்கு அமெரிக்கா பெரிய இடம் கேட்டு வாங்கிவிட்டு, கடை விரிக்கக் காசு அனுப்பவில்லை. பீபாடி 15,000 டாலர் கடன் கொடுத்தார். மெக்கார்மிக்கின் அறுவடை இயந்திரமும் கோல்ட்டின் ரிவால்வரும் அந்தக் காசில்தான் மேடை ஏறின. அந்த வருஷம் ஜூலை 4 அன்று அவர் வைத்த விருந்துக்கு வெலிங்டன் பிரபுவே வந்தார். கிளப்பில் சேர்க்காத ஊரில் இதைவிட நல்ல பதில் கிடையாது.

இனி 1857. அவர் வாழ்க்கையில் தூக்கம் தொலைந்த வருஷம். அது புரிய அவருடைய தொழில் எப்படி நடந்தது என்று தெரிய வேண்டும். ஒரு பாஸ்டன் வியாபாரி மான்செஸ்டர் மில்லில் 1,000 பவுனுக்குத் துணி வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மில்காரருக்குப் பணம் இன்றைக்கே வேண்டும். வியாபாரிக்கோ துணி விற்றால்தான் காசு. நடுவில் பீபாடி. மில்காரர் மூன்று மாதத் தவணையில் ஓர் உண்டியல், அதாவது இன்ன தேதியில் இவ்வளவு கொடு என்கிற சீட்டு, எழுதி நீட்டுவார். பீபாடி கம்பெனி அதன் குறுக்கே 'ஏற்றுக்கொண்டோம்' என்று எழுதிக் கையெழுத்துப் போடும். கமிஷன் அந்தக் கையெழுத்துக்குத்தான். கையெழுத்து விழுந்த தாளை மில்காரர் லண்டனில் பேங்க்குகள் இருக்கிற லம்பார்ட் தெருவுக்குக் கொண்டுபோய், வட்டம் கழித்துக் காசாக்கிக்கொள்வார். வட்டி 4 சதவீதம் என்றால் மூன்று மாதத்துக்கு 10 பவுன் போக 990 பவுன் கையில். தவணைக்குள் பாஸ்டன்காரர் 1,000 பவுனை லண்டனுக்கு அனுப்பிவிட வேண்டும். அனுப்பினால் பீபாடி தன் பெட்டியிலிருந்து ஒரு பென்னி எடுக்காமல் கமிஷன் சம்பாதித்துவிடுவார். அனுப்பாவிட்டால் தவணை நாளன்று முழுத் தொகையும் பீபாடி தலையில். கையெழுத்துப் போட்டவரைத்தான் லம்பார்ட் தெருவுக்குத் தெரியும், பாஸ்டன்காரரை அல்ல.

ஆகஸ்ட் 24 அன்று ஒஹையோ லைஃப் இன்சூரன்ஸ் அண்ட் டிரஸ்ட் கம்பெனியின் நியூயார்க் கிளை கதவை மூடியது. அதன் பின்னால் ஒவ்வொரு வங்கியாகச் சரிய, அக்டோபரில் நியூயார்க் வங்கிகள் நோட்டுக்குத் தங்கம் கொடுப்பதை நிறுத்தின. நவம்பர் 9 அன்று பாங்க் ஆஃப் இங்கிலாந்து வட்டியை 10 சதவீதத்துக்கு ஏற்றியது. முன்னே 10 பவுன் வட்டத்தில் போன அதே தாளுக்கு இப்போது 25 பவுன். அதுகூடப் பெரிய அடி இல்லை. அமெரிக்காவிலிருந்து வரவேண்டிய பணம் வரவில்லை, இங்கே கையெழுத்துப் போட்ட உண்டியல்கள் மட்டும் நாள் தவறாமல் தவணைக்கு வந்துகொண்டிருந்தன. கம்பெனி நஷ்டத்தில் இல்லை. சொத்து இருந்தது, ஆனால் எல்லாம் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் ரொக்கம் இல்லை. பாதி பேர் விழுவது சொத்து இல்லாமல் அல்ல, சொத்தை அந்த வாரத்துக்குள் காசாக்க முடியாமல். பீபாடி பாங்க் ஆஃப் இங்கிலாந்திடம் 8,00,000 பவுன் கேட்டார். தருகிறோம், ஆனால் கடையை மூடிவிடு என்ற மாதிரி நிபந்தனை வந்தது. பின்னால் நின்றவர்கள் போட்டி வங்கிக்காரர்கள். வயது 62, வாதநோய், வீட்டில் கலந்து பேச ஆளில்லை. கூட்டாளி ஜூனியஸ் மார்கன் வந்து சேர்ந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. முடிந்தால் என்னை விழவைத்துப் பாருங்கள் என்று சவால் விட்டார். அமெரிக்க வியாபாரத்தில் அந்த அளவு இருந்த ஒரு கம்பெனி விழுந்தால் கூட எத்தனை பேர் விழுவார்கள் என்பது கேட்டவர்களுக்கும் தெரியும். நிபந்தனை கழன்றது, கடன் வந்தது, அடுத்த வருஷமே திருப்பிக் கட்டியாயிற்று.

இங்கே நின்று கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அதே வருஷம் பிப்ரவரியில்தான், புயலுக்கு ஆறு மாதம் முன்னால், பால்டிமோர் நகரத்துக்கு 3,00,000 டாலரில் நூலகமும் இசைப் பள்ளியும் கொண்ட ஒரு நிறுவனம் அமைப்பதாக எழுதிக் கொடுத்திருந்தார். அந்த வாக்கையும் அவர் காப்பாற்றினார். ஆனால் நவம்பரில் கம்பெனி சாய்ந்திருந்தால், கடன்காரர்களுக்கு நடுவில் அந்த நூலகமும் இசைப் பள்ளியும் வரிசையில் நின்றிருக்கும். நன்கொடை வாக்குறுதியும் ஏற்றுக்கொண்ட உண்டியல் மாதிரிதான். இன்றைக்குக் காசு போகவில்லை என்பதால் அது கடன் இல்லை என்று ஆகிவிடாது. தொழில் நடத்திக்கொண்டே டிரஸ்டுக்கு எழுதிக்கொடுப்பவர்கள், சொல்கிற தொகையைத் தொழில் முதலிலிருந்து பிரித்துத் தனிக் கணக்கில் வைத்துவிட்டு அப்புறம் அறிவிப்பது பத்திரம். பிரித்து வைக்க முடியாத தொகையை மேடையில் அறிவிக்காதீர்கள்.

அந்த பால்டிமோர் பத்திரத்தில் இன்னொரு கோளாறும் இருந்தது. நூலகம், சொற்பொழிவுகள், இசைப் பள்ளி, ஓவியக்கூடம் என்று நாலு நோக்கம். ஒரு தொகைக்கு நாலு வாய் என்றால் ஒன்றாவது பட்டினி கிடக்கும். அதைவிட மோசம், பணமும் கட்டடமும் டிரஸ்டிகள் கையில், நடத்துகிற பொறுப்பு மேரிலாந்து வரலாற்றுச் சங்கத்தின் கையில். சாவி ஒருவரிடம், பூட்டு இன்னொருவரிடம். இரண்டு தரப்புக்கும் சண்டை மூண்டது. அதற்கு மேல் உள்நாட்டுப் போர். பால்டிமோர் எல்லை ஊர், டிரஸ்டிகளிலேயே வடக்கு ஆதரவு, தெற்கு ஆதரவு என்று இரண்டு பக்கம். 1861-இல் கட்டடம் எழும்பியும் திறப்பு விழா 1866 அக்டோபரில்தான். 1857-இல் கொடுத்த பணத்துக்கு ஒன்பது வருஷக் காத்திருப்பு. கடைசியில் பீபாடியே வரலாற்றுச் சங்கத்துக்குக் கடிதம் எழுதி, தயவுசெய்து விலகிக்கொள்ளுங்கள் என்று கேட்க வேண்டி வந்தது. அவர்கள் கண்ணியமாக விலகினார்கள், அவர் 20,000 டாலர் தனியாகக் கொடுத்தார். அதாவது ஒரு தப்பான வாக்கியத்தைப் பத்திரத்திலிருந்து நீக்க ஒன்பது வருஷமும் 20,000 டாலரும். நிர்வாகத்தை இரண்டு அமைப்புகளுக்குப் பங்கு போட்டு எழுதினால் இப்படித்தான். பழைய நட்புக்காக ஒரு சங்கத்தைக் கௌரவப்படுத்த வேண்டுமா, தனியாக ஒரு தொகை கொடுத்துவிடுங்கள். உள்ளே கொண்டுவந்து உட்கார வைக்காதீர்கள். அந்த நிறுவனத்துக்கு அவர் கொடுத்தது மேலும் மேலும் கூடி 14 லட்சம் டாலரானது. அப்படியும் நாலு நோக்கத்துக்கும் காலகாலத்துக்கும் அது போதவில்லை. இசைப் பள்ளி 1977-இலும் நூலகம் 1982-இலும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்துவிட்டன. அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் என்ற மனுஷனை உயில் எழுதத் தூண்டியவர்களில் பீபாடியும் ஒருவர் என்பது தனிக் கதை.

1862 லண்டன் பத்திரத்தைப் படித்தால் பால்டிமோரில் பட்ட புண் தெரியும். இந்தத் தடவை ஒரே ஒரு டிரஸ்டி குழு. அமெரிக்கத் தூதர் ஆடம்ஸ், லார்ட் ஸ்டான்லி, நண்பர் லாம்ப்சன், கூட்டாளி மார்கன் உட்பட ஐந்தே பேர். லண்டன் ஏழைகளுக்கு எதைச் செய்வது என்பதில் முதலில் அவர் நினைத்தது தெருக்களில் குடிநீர்க் குழாய். பிறகு ஏழைப் பிள்ளைகளின் இலவசப் பள்ளிகள். பள்ளிக்கூட இயக்கத்தில் ஊறியிருந்த ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவிடம் ஆள் அனுப்பிக் கேட்டபோது, பள்ளிக்கு இல்லை, குடியிருக்க வீடு கட்டுங்கள் என்றார் அவர். தன் சொந்த இயக்கத்துக்கு வரவிருந்த பணத்தை வேறு பக்கம் திருப்பிவிட்ட அந்த யோசனையை நம்பலாம். யாரிடம் யோசனை கேட்டாலும் அந்தப் பதிலால் அவருக்கு என்ன லாபம் என்று பார்ப்பது பேங்க்கர் புத்தி. பீபாடியிடம் அது நிறைய இருந்தது. பணம் தயார், ஆனால் 1861 கடைசியில் டிரென்ட் என்ற பிரிட்டிஷ் கப்பலை மறித்து அமெரிக்கக் கடற்படை இரண்டு பேரைப் பிடித்துப்போக, இரண்டு நாடும் போர் விளிம்பில் நின்றன. அந்த நேரத்தில் அமெரிக்கன் கொடுக்கிற பணத்தை எப்படிப் பார்ப்பார்கள்? அறிவிப்பை நிறுத்திவைத்தார். சூடு ஆறிய பிறகு, 1862 மார்ச்சில், 1,50,000 பவுன் என்று கடிதம் வெளிவந்தது. கடைசியில் லண்டனுக்குக் கொடுத்த மொத்தம் 5,00,000 பவுன்.

கடிதத்தில் மூன்றே நிபந்தனை. பணம் லண்டன் ஏழைகளின் நிலையை உயர்த்த மட்டும். எந்த மதப்பிரிவுக்கும் கட்சிக்கும் நிர்வாகத்தில் இடம் கூடாது. பயன் பெறுபவர் ஏழையாக, நல்ல நடத்தை உள்ளவராக, லண்டனில் பிறந்தவராகவோ குடியிருப்பவராகவோ இருந்தால் போதும். வீடு கட்ட வேண்டும் என்பதைக்கூடக் கட்டளையாகப் போடவில்லை, யோசனையாகத்தான் சொன்னார். நோக்கம் ஒன்று, வழி டிரஸ்டிகள் கையில். எந்த டிரஸ்ட் பத்திரத்துக்கும் இந்த அளவு நீளம் போதும். அதற்கு மேல் எழுதுகிற ஒவ்வொரு வரியும் 50 வருஷம் கழித்து யாரையாவது கோர்ட்டுக்கு அனுப்பும்.

முதல் கட்டடம் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில், கமர்ஷியல் தெருவில், 1864 பிப்ரவரி 29 அன்று திறந்தது. கட்டட வடிவமைப்பு டார்பிஷர். 57 வீடு, கீழே 9 கடை, மேல் மாடியில் துணி துவைக்கவும் குளிக்கவும் இடம். கழிப்பறையை வீட்டுக்குள் வைக்காமல் படிக்கட்டை ஒட்டி இரண்டிரண்டாக வைத்தார்கள். அசுத்தம் செய்தால் மேற்பார்வையாளர் கண்ணில் படவேண்டும் என்பது கணக்கு. அடுத்து வந்த இஸ்லிங்டனில் நாலு பக்கமும் கட்டடம், நடுவில் முற்றம், வாசலில் கேட் என்று மாற்றினார்கள். அதற்குப் பிறகு கட்டியதற்கெல்லாம் அதுவே அச்சு. வாடகையை இலவசமாக்கவில்லை. செலவு போக முதலுக்குச் சுமார் 3 சதவீதம் நிற்கிற மாதிரி வைத்து, நின்ற காசில் அடுத்த கட்டடம். 1,50,000 பவுனுக்கு 3 சதவீதம் என்றால் வருஷத்துக்கு 4,500 பவுன். இலவசமாகக் கொடுத்திருந்தால் ரிப்பேர் செலவே முதலைத் தின்றிருக்கும். 1882-க்குள் 3,500 வீடுகளில் 14,600-க்கு மேற்பட்டவர்கள் குடியிருந்தார்கள். இன்றைக்கு அந்த அமைப்பின் கையில் ஒரு லட்சத்துக்கு மேல் வீடுகள்.

தப்பும் அங்கேயேதான் இருந்தது. வாரா வாரம் முன்பணமாக வாடகை, பாக்கிக்கு இடமில்லை, வேலை கொடுப்பவரின் நற்சான்று, ராத்திரி கேட் பூட்டு, சுவரில் காகிதம் ஒட்டக் கூடாது. இந்த விதிகளைத் தாண்டி உள்ளே வரக்கூடியவர் நிரந்தர வேலையில் இருப்பவர். காலையில் துறைமுகத்தில் நின்று இன்றைக்கு வேலை கிடைக்குமா என்று பார்க்கிற கூலிக்கு வாரக் கணக்கு கட்டுப்படியாகாது. சேரிகளை இடித்த இடத்தில் இந்தக் கட்டடங்கள் எழும்பியபோது, அங்கே இருந்தவர்களில் பலர் பக்கத்துச் சேரிக்குத்தான் போனார்கள். விதி எழுதும்போது அதைப் பூர்த்தி செய்ய முடியாதவர் யார் என்று ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். அந்தப் பட்டியலில், யாருக்காக டிரஸ்ட் வைத்தீர்களோ அவர்களே வந்தால் விதியை மாற்றுங்கள்.

1864-இல் பீபாடி தொழிலை விட்டார். ஜூனியஸ் மார்கன் கம்பெனியின் பழைய பெயரிலேயே நடத்த ஆசைப்பட்டார். பத்து வருஷக் கூட்டாளி, முதலாளி சம்மதிப்பார் என்று நினைத்தார். பீபாடி பெயரையும் கொடுக்கவில்லை, முதலையும் விட்டுவைக்கவில்லை. ஜார்ஜ்டவுன் கடையில் பிடித்துக்கொண்ட பாடம் அது. தன் கையில் இல்லாத கம்பெனி தன் பெயரில் கையெழுத்துப் போடக்கூடாது. மார்கனுக்கு மனவருத்தம், ஆனாலும் ஜே.எஸ். மார்கன் அண்ட் கோ என்று பலகை மாறியது. இன்றைய மார்கன் வங்கிகளின் வேர் அங்கேதான். பழக்கவழக்கத்தில் மனுஷன் தாராளி இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு ஒன்றரைப் பென்னி ஆப்பிள் வாங்க ஆபீஸ் பையனிடம் இரண்டு பென்னி கொடுத்தால், மீதி அரைப் பென்னியைத் திருப்பி வாங்கிக்கொள்வாராம். பையன் ஒவ்வொரு தடவையும் அது தனக்குக் கிடைக்கும் என்று எதிர்பார்த்து ஏமாந்தானாம்.

கடைசிப் பெரிய கொடை, போரில் நொறுங்கிக் கிடந்த தென்மாநிலங்களின் படிப்புக்கு. 1867 பிப்ரவரியில் பீபாடி கல்வி நிதி, 10 லட்சம் டாலர். பிறகு இன்னொரு 10 லட்சம். இதன் பத்திரத்தில் அவர் கற்றது எல்லாம் இருக்கிறது. 30 வருஷம் ஆனபின் டிரஸ்டிகள் நினைத்தால் கலைத்துவிடலாம். நிதி தானாகப் பள்ளி நடத்தாது. வரிப்பணத்தில் பள்ளி நடத்த முன்வரும் ஊருக்கு மட்டும் உதவி, அதுவும் ஊர் தன் பங்கைப் போட்ட பிறகு. நிர்வாகி பார்னஸ் சியர்ஸ் போட்ட அளவு இது: 100 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு வருஷம் 300 டாலர், 300 பிள்ளைக்கு மேல் என்றால் 1,000 டாலர். பள்ளி பத்து மாதம் நடக்க வேண்டும். காசைக் காட்டி ஊரை வரி போட வைத்த இந்த முறை வேலை செய்தது. ஆனால் கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிக்கு அதே அளவில் மூன்றில் இரண்டு பங்குதான். அவர்களுக்கு நடத்தச் செலவு குறைவு என்று காரணம் சொன்னார்கள். 1874-இல் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்க வகைசெய்யும் சட்டப் பிரிவு அமெரிக்கக் காங்கிரசுக்கு வந்தபோது, சியர்ஸ் அதற்கு எதிராக நின்றார். பீபாடி அப்போது உயிரோடு இல்லை. ஆனால் வழியை டிரஸ்டிகள் கையில் விடுவதன் விலை இதுதான். லண்டனில் லாபமாக இருந்த அதே ஏற்பாடு இங்கே இப்படிப் போயிற்று. யாரையும் குறைத்து அளக்கக் கூடாது என்ற ஒரு வரியைப் பத்திரத்தில் எழுதியிருக்கலாம், அவர் எழுதவில்லை.

கற்காத பாடம் இன்னொன்றும் அந்த நிதிக்குள்ளேயே கிடந்தது. ரொக்கத்தோடு சேர்த்து 11 லட்சம் டாலர் முகமதிப்புள்ள மிசிசிப்பி கடன்பத்திரங்களையும் எழுதிவைத்தார், கூடவே கொஞ்சம் புளோரிடா பத்திரங்களும். 1840-களில் செல்லாது என்று மிசிசிப்பி அறிவித்த கடன்தான் அது. தன் மாநிலத்துப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்றால் மனசு இரங்கிக் கட்டிவிடும் என்று ஓர் எண்ணம். மேரிலாந்தை வழிக்குக் கொண்டுவந்தவருக்கு மிசிசிப்பியும் வரும் என்ற நம்பிக்கை. டிரஸ்டுக்கு எழுதிக்கொடுக்கும் சொத்தை, இன்றைக்கு விற்றால் என்ன வரும் என்ற விலையில் எழுதுங்கள், வராக்கடனைப் பூஜ்யம் என்று எழுதுங்கள். 1869 நவம்பர் 4 அன்று பீபாடி லண்டனில் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் மரியாதை செய்து, மோனார்க் என்ற போர்க்கப்பலில் உடலை அமெரிக்கா கொண்டுபோய், சொந்த ஊர்ப் பக்கம் மாசசூசெட்ஸில் உள்ள சேலம் என்ற ஊரில் அடக்கம் செய்தார்கள். கல்வி நிதியை டிரஸ்டிகள் 1914-இல் கலைத்தபோது, பெரும்பகுதி நாஷ்வில் ஆசிரியர் கல்லூரிக்குப் போயிற்று. மிசிசிப்பி பத்திரங்களுக்கு அதுவரை ஒரு சென்ட்கூட வந்திருக்கவில்லை.